புகை வராத பத்தாவது வீடு

டங்! டங்! டங்!

மேல்தும்பக்காட்டின் எல்லையில் கல்பனா காலை வைத்ததுதான் தாமதம், புளியமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை யாரோ இரும்புக் கம்பியால் அடித்தார்கள். காட்டுப்பன்றி விரட்டுவதற்காகக் கட்டிவைத்த மணி அது. பகல் இரண்டரை மணிக்குப் பன்றி ஏது? சத்தம் மூன்று பக்கமும் நின்ற பாறைகளில் மோதி, ஒன்று நாலாகி, அவள் காதுக்கே திரும்பி வந்தது.

மணி ஓய்ந்தபோது ஊர் வெளியே வந்துவிட்டிருந்தது. ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் அவரவர் வீட்டு வாசலில் நின்றார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. குடும்பத் தலைவர் முன்னால், மனைவி பக்கத்தில், பிள்ளைகள் வயசு வாரியாக. அவள் கைபேசியில் இருந்த பட்டியல் எழுந்து நடந்து வந்து வாசலில் நின்ற மாதிரி இருந்தது.

'இவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க இப்படி நிக்கணும்னு?'

மாலை நாலரைக்கு அடிவாரத்தில் கடைசி பஸ். அதற்குள் வேலையை முடித்துவிட்டு இறங்கிவிட வேண்டும். செங்கத்தில் மகள் நிவேதா தனியாக இருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு, படிப்பு விடுமுறை. கணவர் ஓசூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். இந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மட்டும் பிசகில்லாமல் முடிந்தால் அடுத்த மாதம் கல்பனா தலைமை ஆசிரியை.

பிசகினால்?



பதினைந்து வருடத்துக்கு முன்னால் இதே ஊரின் கணக்கு அவள் பொறுப்பில்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிது. அன்றைக்கு மலையில் மழை, பாதை அறுந்து கிடந்தது. அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்து, அதற்கு முந்தைய கணக்கில் இருந்த ஒன்பது வீடுகளையும் நாற்பத்தொரு பேரையும் அப்படியே படிவத்தில் இறக்கினாள். வயசில் மட்டும் பத்துப் பத்தாகக் கூட்டினாள். மேற்பார்வை அதிகாரி பூபாலன் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், பத்து வருஷத்துல ஒரு வூடு கூடவா கூடல? மேல கேட்பாங்க" என்றார். அன்று இரவே பள்ளி வருகைப் பதிவேட்டில் இருந்து நாலு பெயரைப் பொறுக்கி, பத்தாவதாக ஒரு வீட்டைச் சேர்த்தாள். முனிசாமி, வயது நாற்பது. மனைவி மாதம்மாள், முப்பத்தைந்து. மகள் திரௌபதி, ஒன்பது. மகன் அருள், ஐந்து.

யாரும் கேட்கவில்லை. அவளும் மறந்துவிட்டாள்.

இப்போது எல்லாம் கைபேசியில். வீட்டின் முன்னால் நின்றால்தான் பதிவு ஏறும். போன வாரம் பூபாலன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்தத் தடவை டீக்கடையில உட்கார்ந்து எழுத முடியாது டீச்சர். போனே காட்டிக் குடுத்துடும்." அவர் ஏன் அதை அவளைப் பார்த்துச் சொன்னார்? மனிதருக்குத் தெரியுமா, தெரியாதா?

இல்லாத அந்தப் பத்தாவது வீட்டை இன்றைக்கே பட்டியலில் இருந்து எடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் மூச்சு வாங்க இந்த மலை ஏறி வந்திருந்தாள்.

"வாங்க டீச்சர்" என்றார் ஊர்க்கவுண்டர் சின்னதம்பி. ஐம்பத்தைந்து வயசிருக்கும். தோளில் துண்டு, கையில் அந்த இரும்புக் கம்பி. "போன தடவையும் நீங்கதானே?"

"இல்லீங்களே. அது வேற டீச்சர்."

"அப்படிங்களா?" அவர் கண் அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் ஒரு நொடி நின்று எழுந்தது. "பேரு மட்டும் அதே பேருங்க."

கல்பனாவுக்கு முதுகில் வியர்த்தது. மார்கழிக் குளிரில்.

அவள் வேகவேகமாக வேலையைத் தொடங்கினாள். வீட்டு எண், சுவர், கூரை, தண்ணீர், விளக்கு, அடுப்பு, ஆட்கள். கேட்கும் முன்னே பதில் வந்தது. எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. விறகுப் புகையும் வெந்த சாமையின் வாசனையும் ஒவ்வொரு கூரையிலிருந்தும் கசிந்து, மேலேயிருந்து இறங்கி வந்த பனியோடு கலந்து நின்றன. ஒரு வீட்டில் பாத்திரமே இல்லை, அடுப்பு மட்டும் சும்மா எரிந்தது. ஏன் என்று கேட்டதற்கு அந்த வீட்டுப் பெண், "அணையக் கூடாதுங்க" என்றாள். வேறு விளக்கம் இல்லை.

ஐந்து வீடு முடிந்தது. இருபத்தேழு பேர்.

வரைபடம் போடும்போதுதான் ஊரின் அமைப்பு அவளுக்கு உறைத்தது. கிண்ணம் மாதிரியான ஊர். மேற்கே பெரிய பாறை, அதன் அடியில் நல்ல கறுப்பு மண், பாறை இடுக்கில் ஊற்றுத் தண்ணீர். கிழக்கே ஓடைக்கரை, வெறும் கல்லும் கரடும். யாராக இருந்தாலும் மேற்கேதான் வீடு கட்டுவார்கள், மேற்கேதான் உழுவார்கள். ஆனால் இந்த ஐந்து வீடும் ஓடைக்கரையில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. மேற்கே நான்கு வீடுகள் கூரை சரிந்து கிடந்தன, அதற்கு மேலே ஒரு பகுதியைப் பனி மறைத்திருந்தது. ஒவ்வொன்றின் வாசலிலும் இலந்தை முள் அடைத்திருந்தது. அந்தப் பக்கத்துக் கொல்லையில் உழவு விழுந்து வருடக்கணக்காகியிருக்கும். புளியமரங்களில் பழம் காய்த்து, பறிப்பாரில்லாமல் கறுத்துத் தொங்கியது.

ஊரே எதையோ கண்டு பின்வாங்கி, இதற்கு மேல் போக இடமில்லாமல் ஓடைக்கரையில் வந்து நிற்கிறது.

"அந்த நாலு வூடும் இன்னாங்க ஆச்சு?"

"காலி பண்ணிட்டு இங்க வந்துட்டோம்."

"நாற்பத்தொரு பேரு இருந்தீங்க. இப்ப இருபத்தேழு. மீதிப் பேரு கீழ வேலைக்குப் போய்ட்டாங்களா?"

"செத்தது பொறந்தது எல்லாம் கழிச்சுப் பார்த்தாலும் பதினாலு பேர் கொறையுதுங்க" என்றார் சின்னதம்பி. "ஆனா கீழ போகல."

"பின்ன?"

"மேல போனாங்க."

கூட்டத்தில் ஒரு பெண் சிரித்தாள். நாற்பது வயசுக்காரி, பெயர் செல்லி. மூன்றாவது வீட்டில் பதிந்த பெயர். சிரிப்பில் ஈரம் இல்லை. "தெரியாத மாதிரியே கேக்குறாங்க பாரு! வயித்து வலி இல்லாம ஒரே ராத்திரியில நாலு பேரப் பெத்துப் போட்ட மகராசி!"

"இன்னாம்மா பேசுற?" கல்பனாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"செல்லி, நீ சும்மா இரு" என்றார் சின்னதம்பி. பிறகு கல்பனாவை ஓரமாக அழைத்துப் போனார். நிதானமாகப் பேசினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

"அந்தக் கணக்கு முடிஞ்சு நாலு மாசம் கழிச்சு ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் சரிபார்க்க வந்தாருங்க. பேப்பர்ல உங்க பேரைக் காட்டி, பத்தாவது வூடு எங்கன்னு கேட்டாரு. ஒம்போதுதான்னு சொன்னோம். பேப்பர்ல இருக்குது, அப்ப ஊர்லயும் இருக்கும், தேடிப் பாருங்கன்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு. மறாநாள் காலைல பார்க்குறோம், பாறைக்குக் கீழ ஒரு வூடு. யாரும் கட்டல. கட்டுற சத்தம்கூட கேக்கல."

கல்பனா கைபேசிப் பட்டியலைப் பத்தாவது வீடு வரை தள்ளினாள்.

"அந்த வூட்டுல புகையே வரலீங்க. எங்க ஊர்ல ஒரு கட்டு இருக்குது. புதுச்சாமை ஆக்குற அன்னிக்கு எந்த வூட்டுல அடுப்பு எரியலியோ, அந்த வூட்டுக்கு முதல் சோறு போகணும். அப்புறம்தான் நாங்க வாயில வெப்போம். நோயாளியா இருக்கும், தீட்டா இருக்கும், யாரு கண்டா? மொதல் வருஷம் என் தம்பி கொண்டு போனான்."

"அப்புறம்?"

"வரல."

சின்னதம்பி இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றினார்.

"அடுத்த வருஷம் இன்னொருத்தர். கட்டை மீற முடியலீங்க. ஒரு வருஷம் மீறிப் பார்த்தோம். அன்னிக்கு ராத்திரி இங்க இருந்த எல்லா அடுப்பும் ஒண்ணா அணைஞ்சுது. விடிஞ்சு பார்த்தா அந்த வூடு பத்தடி கீழ எறங்கி நின்னுது. அன்னிக்கே ஒருத்தரை அனுப்ப வேண்டியதாச்சு. பதினாலு வருஷம், பதினாலு பேர். நாளைக்குப் புதுச்சாமை. இந்த வருஷம் செல்லியோட மொறை."

செல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பின்னால் நின்ற இரண்டு பெண் பிள்ளைகள் அவள் முந்தானையை விடாமல் பிடித்திருந்தார்கள்.

"யாரு எழுதுனாங்களோ அவங்கதான் அந்த வூட்டைக் கணக்குல இருந்து அடிக்கணும்" என்றார் சின்னதம்பி. "அடிச்சுட்டுப் போய்டுங்க டீச்சர். நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

இது மிரட்டலா, கெஞ்சலா? எல்லாரும் சேர்ந்து அவளை ஏதோ வலையில் தள்ளுகிறார்களா? யாரோ பூபாலனிடம் சொல்லி, பூபாலன் இவர்களிடம் சொல்லி... அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

நின்ற இடத்திலேயே பத்தாவது வீட்டைத் திறந்து நீக்கப் பார்த்தாள். கைபேசி மறுத்தது. 'நீங்கள் இந்த வீட்டிலிருந்து 180 மீட்டர் தூரத்தில் இருக்கிறீர்கள்.'

இல்லாத வீட்டுக்குத் தூரம் எப்படி வந்தது?

மணி மூன்றே கால். கல்பனா மேற்கே நடந்தாள். யாரும் கூட வரவில்லை. முள்ளடைத்த வீடுகளைத் தாண்டியபோது பின்னால் ஊர்ச் சத்தம் சட்டென்று நின்றது. பனி பாறையிலிருந்து வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. உளுத்த கூரையின் வாடை, விழுந்து அழுகிய புளியின் வாடை, ஈர மண்ணின் வாடை. ஏற ஏற ஒவ்வொன்றாகக் குறைந்தன. கொஞ்ச தூரத்தில் எந்த வாடையும் இல்லை. மூக்கை யாரோ மூடிவிட்ட மாதிரி இருந்தது. பறவை இல்லை. ஓணான்கூட இல்லை. அவள் செருப்புச் சத்தம் மட்டும்.

120 மீட்டர். 70. 30.

வீடு நின்றது.

மண் சுவர். கோரைப்புல் கூரை. ஒரே அறை. மின்சாரம் இல்லை. அவள் அன்றிரவு கட்டம் கட்டமாக எதை எழுதினாளோ அது மட்டும். அவள் எழுதாதது எதுவும் அந்த வீட்டில் இல்லை. ஜன்னல் இல்லை. கோழி அடைக்கும் கூடை இல்லை. சுவரில் விரிசல் இல்லை, கறை இல்லை, கைத்தடம் இல்லை.

வாசலில் வரிசையாக அலுமினியத் தூக்குவாளிகள். பதினாலு. முதல் தூக்கில் சோறு மண்ணாகிவிட்டிருந்தது. கடைசித் தூக்கில் போன வருடத்துச் சாமை, பூசணம் பூத்து, அப்படியே. ஒரு கைப்பிடி கூடக் குறையவில்லை. ஒவ்வொரு தூக்கின் பக்கத்திலும் ஒரு ஜோடி செருப்பு. எல்லாம் கதவைப் பார்த்தபடி.

வந்தவர்கள் உள்ளே போயிருக்கிறார்கள். திரும்பிப் போன செருப்பு ஒன்றுகூட இல்லை.

கல்பனாவுக்கு அப்போதுதான் அந்தக் கட்டம் ஞாபகம் வந்தது. அடுப்பு வகை, எரிபொருள், சமையலறை என்று நாலைந்து கேள்வி அடுத்தடுத்து வரும். முதல் கேள்விக்கு 'சமையல் இல்லை' என்று போட்டால் மீதி எல்லாவற்றையும் தாண்டிவிடலாம். அன்றிரவு தூக்கம் கண்ணைச் சுழற்றியது. சமையல் இல்லை என்று போட்டாள்.

போட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள்.

கதவு அரை அங்குலம் திறந்திருந்தது.

உள்ளே இருட்டு. இருட்டில் சுவரோரமாக நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரியது, அதைவிடச் சின்னது, அதற்கும் சின்னது, எல்லாவற்றிலும் சின்னது. பதினைந்து வருடத்தில் யாரும் அவர்கள் வயசைக் கூட்டி எழுதவில்லை. மூன்றாவதாக இருந்தது ஒன்பது வயசுப் பெண். தலை மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது.

பெயர் எழுதியிருந்தாள். வயது எழுதியிருந்தாள். முகம் என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

கல்பனா கத்தவில்லை. கை மட்டும் ஓடியது. பத்தாவது வீடு. நீக்கு. காரணம்? காலி. உறுதியா? ஆம்.

கைபேசி இன்னொரு கேள்வி கேட்டது.

'இக்குடும்பத்தினர் நால்வரும் எங்கு இடம் மாறினர்?'

அதன் கீழே ஒரு பட்டியல். அவள் இதுவரை பதிந்த வீடுகள். உள்ளே யாரோ எழுந்து நிற்கும் சத்தம். இல்லை, சத்தம்கூட இல்லை. இருட்டு கொஞ்சம் உயர்ந்தது. கதவு இன்னும் ஒரு அங்குலம். கல்பனா படிக்கவில்லை. விரலுக்கு அகப்பட்டதை அழுத்தினாள்.

'பதிவு ஏற்கப்பட்டது.'

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பத்து எண்ணினாள். திறந்தாள்.

பாறை. பாறைக்குக் கீழே வெறும் புல். வீடு இல்லை. தூக்குகளும் செருப்புகளும் மட்டும் புல்லில் வரிசையாக இருந்தன. எங்கிருந்தோ ஒரு கொண்டலாத்தி கூவியது. அழுகிய புளியின் வாடை மூக்கில் ஏறியது, அந்த வாடை அவளுக்கு அமுதமாக இருந்தது. கீழே ஓடைக்கரையில் செல்லியின் குரல், அழுகையா சிரிப்பா என்று தெரியாமல், பெரிதாகக் கேட்டது.

கல்பனா அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து சிரித்தாள். முடிந்தது. பதினைந்து வருடத்துப் பாரம் ஒரு விரலில் முடிந்தது. பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது. பூபாலன் எதை வேண்டுமானாலும் சரிபார்க்கட்டும். ஒன்பது வீடு, அதில் நாலு காலி. ஆள் இருபத்தேழு. எல்லாம் நிஜம்.

கடைசியாக ஒருமுறை பதிவைத் திறந்து பார்த்தாள்.

நீக்கப்பட்டது, பத்தாவது வீடு. சரி. காரணம், காலி. சரி. இடம் மாறிய முகவரி: பட்டியலில் முதல் வீடு.

முதல் வீடு?

கீழே சின்னதம்பியின் வீடுதானே முதலில் பதிந்தது? இல்லை. அதற்கும் முன்னால் ஒன்று இருந்தது. போன மாதம் பயிற்சி வகுப்பில் ஆளுக்கொரு மாதிரிப் பதிவு போடச் சொன்னார்கள். எல்லோரும் அவரவர் வீட்டைத்தான் போட்டார்கள். அவளும் அன்றே தன் வீட்டு வாசலில் நின்று போட்டாள். அதை யாரும் அழிக்கச் சொல்லவில்லை.

செங்கம். கதவு எண் பன்னிரண்டு. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவள் கணவர் பெயர். வசிப்போர் மூன்று என்று இருந்த இடத்தில் இப்போது ஏழு.

நீக்கு என்பதை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். 'நீங்கள் இந்த வீட்டிலிருந்து 41 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறீர்கள்.' மறுபடி. மறுபடி. விரல் வழுக்கியது. திரை நனைந்தது.

கையிலேயே கைபேசி அடித்தது. நிவேதா.

"நிவி! நிவி, கதவைத் தொறக்காதே. யாரு வந்தாலும் தொறக்காதே, கேக்குதா?"

மறுமுனையில் மகள் சாதாரணமாகத்தான் பேசினாள். குரலைக் கொஞ்சம் தாழ்த்தியிருந்தாள், வந்தவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பது போல.

"ஏம்மா, மலைலேர்ந்து ஒரு வூட்டுக்காரங்க நாலு பேர் வந்திருக்காங்க, நீதான் இங்க இருக்கச் சொல்லி எழுதிக் குடுத்தியாம், ஹால்ல உக்கார வெச்சிருக்கேன், ஆனா டீ போடலாம்னு போனா, அடுப்பை அணைச்சுட்டு நீ மட்டும் வந்து எங்ககூட உக்காருன்னு சொல்றாங்கம்மா."